பேர் வைத்தவள்

1956 ஜனவரி 9, திங்கள்

கட்டில் விரிப்பை இன்றும் துவைத்துக் காயப் போட்டேன். அதில் யாரும் படுக்கவில்லை. கடற்கரைக் காற்றில் மணல் ஏறிவிடுகிறது, அவ்வளவுதான். பேறு பார்ப்பதற்கென்று சர்க்கார் கட்டிய இரண்டு அறைக் கட்டடம், ஓர் இரும்புக் கட்டில், கத்திரியும் ஊசியும் வேகவைக்க ஒரு பாத்திரம், ஒரு நர்ஸ். நர்ஸ் நான்தான். வந்து பதினாறு மாதம் ஆகிறது. இந்தக் கட்டிலில் இதுவரை ஒரு பிள்ளைகூடப் பிறக்கவில்லை.

ஊரில் பிள்ளை பிறக்காமல் இல்லை. சென்ற வாரம் மட்டும் மூன்று. மூன்றுக்கும் வயத்தாட்டி வேளாங்கண்ணிதான் போனாள். பேறு பார்க்க அவளைக் கூப்பிட ஆள் வந்து நிற்பது என் ஜன்னல் வழியாகவே தெரியும். பார்க்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். கண் போய்விடுகிறது.

வந்த புதிதில் கிணற்றடியில் அவள் கத்தியைப் பிடுங்கி, நாலு பேர் முன்னால், "இதை வைத்து மீன் அறு, தொப்புள்கொடி அறுக்காதே" என்று சொன்னேன். சொன்னது சரி. சொன்ன இடம் சரியில்லை. அதற்காகப் பதினாறு மாதமா?

திருவனந்தபுரத்துக்கு மாத அறிக்கை எழுதினேன். காய்ச்சல், சிரங்கு, காதுவலி: இருபத்தெட்டு பேர். பிரசவம்: இல்லை. படிக்கிறவர் இந்த ஊரில் பெண்களே கிடையாது என்று நினைப்பார்.

ஜனவரி 14, சனி

பொங்கல். அஞ்சுகிராமத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பொங்கல் பானையை இறக்கக் கை நீட்டினேன். "தாணம்மா, நீ தொடாத, கேட்டியா? எல்லா எளவையும் தொடுத கையில்லா" என்றாள் மதினி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அண்ணன் சுயம்பு காதில் விழாதவன்போல் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த வீட்டுக்காரி வழக்கம்போல, "கொழும்புல இருந்து காயிதம் உண்டா?" என்று கேட்டாள். பதினெட்டு வருடமாக இல்லாத காயிதம் இந்தப் பொங்கலுக்கு வந்துவிடுமா? என் வீட்டுக்காரர் கப்பல் ஏறியபோது எனக்கு இருபது வயது.

மத்தியான பஸ்ஸில் திரும்பிவிட்டேன். இங்கே வந்து ரசம் வைத்துச் சாப்பிட்டேன்.

ஜனவரி 27, வெள்ளி

கிளீட்டஸ் என்ற வள்ளக்காரப் பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். உள்ளங்கையில் பெரிய தூண்டில் முள். கூட்டாளிகள் பின்னுக்கு இழுத்து இழுத்துச் சதையைக் கிழித்து வைத்திருந்தார்கள். முள்ளை முன்னுக்குத் தள்ளி, கொக்கியை வெட்டி, பிறகு பின்வழியாக உருவினேன். மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தான். கட்டுப் போட்டு முடித்ததும், "இனி நோவுமா நர்ஸம்மா?" என்றான். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவனும் சிரித்தான்.

என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

ஜனவரி 28, சனி

காலையில் வாசல்படியில் ஒரு பெரிய பாரை மீன். வைத்தவன் யார் என்று சொல்லத் தேவையில்லை. இந்த ஊரில் எனக்கென்று ஒருவர் கொண்டுவந்து வைத்த முதல் பொருள். குழம்பு வைத்தேன். ஒருத்திக்கு இவ்வளவு மீன் அதிகம். யாரைக் கூப்பிடுவது?

பிப்ரவரி 11, சனி

இன்று ஒரு விஷயம் தெரிந்தது. பதினேழு மாதமாக என் மூஞ்சி பிடிக்காமல்தான் வரவில்லை என்று நினைத்திருந்தேன். மூஞ்சி அல்ல காரணம்.

கோயில் உபதேசியார் சிலுவைதாசன் காலில் ஆறாத புண்ணுக்கு மருந்து கட்ட வருவார். கல்யாணம், சாவு, ஜெபம் எல்லாவற்றுக்கும் சாமியாருக்குக் கையாள் அவர்தான். இன்று பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன், "ஏன் ஒரு பெண்ணும் என்னிடம் பேறுக்கு வருவதில்லை?"

அவர் காலைக் கீழே இறக்கி வைத்தார். "நர்ஸம்மா, நீங்க இந்து. பெறக்கும்போதே பிள்ளைக்கு ஆபத்துன்னு வையுங்க. சாமியார் வந்து சேருததுக்குள்ள சீவன் போயிரும். ஞானஸ்நானம் இல்லாத செத்தா, பிள்ளைக்கு மோட்சமும் இல்ல, சவக்காலையில இடமும் இல்ல. மதிலுக்கு வெளிய குழிதான். வேளாங்கண்ணின்னா அந்த நிமிஷமே தண்ணி ஊத்திருவா. அதான் பெத்த தள்ளமாருக்கு அவ வேணும்."

அப்பா! இதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லையா?

"இந்து ஊற்றினால் செல்லாதா?" என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். செல்லுமாம். ஆபத்து நேரத்தில் ஆணோ பெண்ணோ, கிறிஸ்தவரோ அல்லாதவரோ, யார் ஊற்றினாலும் செல்லுமாம். தலையில் தண்ணீர் ஓட வேண்டும், ஊற்றுகிறவளே வாக்கைச் சொல்ல வேண்டும், கோயில் என்ன நினைத்துச் செய்கிறதோ அதே நினைவோடு செய்ய வேண்டும். இவ்வளவுதான்.

சொல்லிக் கொடுங்கள் என்றேன். சமையலறையிலிருந்து தேங்காயை எடுத்துவந்து அதன்மேல் தம்ளரால் ஊற்றி ஊற்றி ஐந்து தடவை சொல்ல வைத்தார். "பயப்படாதீங்க, தேங்காய்க்கு ஞானஸ்நானம் ஆவாது" என்றார். மறக்காமலிருக்க இங்கே எழுதி வைக்கிறேன்:

(பெயர்), நான் உன்னைப் பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே ஞானஸ்நானம் பண்ணுகிறேன்.

நான் அய்யா வழிக்காரி. அய்யா கோபிப்பாரா? பிள்ளை காரியத்துக்கு எந்தச் சாமி கோபிக்கும்?

பிப்ரவரி 12, ஞாயிறு

நான் வாக்குப் படித்ததை ஊரில் சொல்லுங்கள் என்று உபதேசியாரிடம் கேட்டுக்கொண்டேன். சொல்கிறேன் என்றார். கட்டில் விரிப்பை மாற்றினேன்.

மார்ச் 4, ஞாயிறு

கிணற்றடியில் வேளாங்கண்ணி. என் வயதுதான் இருப்பாள், ஒன்றிரண்டு கூடலாம். கயிற்றை விடாமலே, "நர்ஸம்மா வாக்கு படிச்சியளாமே, நல்ல காரியம்" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் அவளுக்குச் செய்தது எனக்குத் திரும்பி வந்தது. நல்லா வேணும் எனக்கு. குடத்தைப் பாதி நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 3, செவ்வாய்

ஈஸ்டர் முடிந்து மூன்றாம் நாள். ஒரு பெண் வந்தாள்! கிளீட்டஸின் மனைவி செசிலி. தலைப்பிள்ளை, ஆறாம் மாதம். "அவியளுக்கக் கைய நீங்க சரியாக்குனியளே, என்னையும் ஒண்ணு பாருங்க" என்றாள். மாமியாருக்குத் தெரியாமல் வந்திருக்கிறாள்.

காலிலும் முகத்திலும் நீர். பிரஷர் ஏறியிருக்கிறது. உப்பைக் குறை, கருவாட்டை நிறுத்து, இடது பக்கம் சரிந்து படு என்றேன். "கருவாடு இல்லாத இந்தக் கடப்புறத்துல எப்பிடி நர்ஸம்மா சோறு எறங்கும்?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

போன பிறகு அவள் உட்கார்ந்த ஸ்டூலை எடுத்து வைக்க மனம் வரவில்லை.

மே 8, செவ்வாய்

செசிலி வாரம் தவறாமல் வருகிறாள். பரிசோதனை கால் மணி நேரம், பேச்சு ஒரு மணி நேரம். கடல், மாமியார், அவள் தங்கச்சியின் கல்யாணம் எல்லாம் எனக்கு அத்துபடி. செவ்வாய்க்கிழமை வந்தால் காலையிலேயே இரண்டு பேருக்கும் காப்பி போட்டு மூடி வைக்கிறேன். பிரஷர் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. நாகர்கோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று மூன்று முறை சொல்லியாயிற்று. மாமியார் விடவில்லை.

இன்று கேட்டாள்: "ஒங்களுக்குப் பிள்ளையளு இல்லியா?"

இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூன் 6, புதன்

இன்று எழுத முடியாது.

ஜூன் 7, வியாழன்

வரிசையாக எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே சுற்றும்.

நேற்றுக் காலை ஒன்பது மணிக்குக் கிளீட்டஸ் செசிலியைத் தாங்கிக்கொண்டு வந்தான். நாள் ஆக இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மாமியார் வேளாங்கண்ணியைத் தேடிப் பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறாள். செசிலிதான், "நர்ஸம்மாகிட்டத்தான் போவேன்" என்று பிடிவாதமாக வந்திருக்கிறாள். கார் பிடித்துவர அவனை அனுப்பினேன். அறையில் நானும் அவளும் மட்டும்.

பதினொன்றே முக்காலுக்குப் பிறந்தது. பெண். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும். அழவில்லை. சளியை உறிஞ்சினேன், வாயில் வாய் வைத்து ஊதினேன், துணியைச் சூடாக்கிச் சுற்றினேன். இரண்டு மூச்சு விடும், நின்றுவிடும். மறுபடி ஊதினால் ஒன்று. அந்தப் பக்கம் செசிலிக்கு ரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டு, ஒரு கையால் அவள் அடிவயிற்றைத் தடவிக்கொண்டு, மறு கையால் பிள்ளையை... எனக்கு ரெண்டு கைதானே உண்டு! என்னத்தச் செய்ய?

செசிலிக்குத் தெரிந்துவிட்டது. "நர்ஸம்மா, தண்ணி ஊத்துங்க. எனக்க பிள்ளைய வெறுமே அனுப்பாதீங்க" என்றாள்.

ஆறவைத்த தண்ணீர் தம்ளரில் இருந்தது. எடுத்தேன். "பேரு என்னம்மா? என்ன பேரு?" என்று கேட்டேன். அவள் கண் செருகிவிட்டது. எத்தனை புனிதர்கள் பெயர் இந்த ஊரில் தினமும் காதில் விழுகிறது! ஒன்றுகூட நாக்கில் வரவில்லை. வந்தது ஒரே ஒரு பெயர். பகவதி என்றேன். பிதாவுடையவும் என்பதோடு வாக்கு நின்றுவிட்டது. மறுபடி தண்ணீர் மொண்டு, முதலிலிருந்து, முழுவதும் சொல்லி ஊற்றினேன். நெற்றியில் ஓடியது. கண் இமை அசைந்தது. பன்னிரண்டே கால்வரை இருந்தாள்.

ரத்தம் நின்றது. செசிலி பிழைத்துக்கொண்டாள். கிளீட்டஸ் காரோடு வந்தபோது மணி ஒன்று. அந்தக் காரில் அவளை நாகர்கோவிலுக்கு அனுப்பினேன். போகும்போது என் கையைப் பிடித்து, "குடுத்தியளா?" என்றாள். கொடுத்தேன் என்றேன். "என்ன பேரு?" என்றாள். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள். கோபமா, நிம்மதியா, தெரியவில்லை.

மாமியாருக்குக் கோபம்தான், அதில் சந்தேகமே இல்லை. நாலு மணிக்குக் கபிரியேல் சாமியார் பங்களாவுக்குக் கூப்பிட்டார்கள். சாமியார், உபதேசியார், மாமியார், ஊர்க்காரர்கள் ஐந்தாறு பேர். ஓரத்தில் வேளாங்கண்ணி. அவளை வரச் சொன்னது மாமியார்தான்.

"இந்துக்காரி தண்ணி ஊத்தி, அம்மன் பேரையும் வச்சிருக்கா. இத எப்பிடிச் சாமி சவக்காலைக்குள்ள வைக்க? மதிலுக்கு வெளியதான்னா நேரா சொல்லிப்போடுங்க" என்று மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பிள்ளையைத் துணியில் சுற்றி மேஜைமேல் வைத்திருந்தார்கள்.

சாமியார் சத்தம் போடவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன தண்ணீர்? வேகவைத்து ஆறிய கிணற்றுத் தண்ணீர். தலையில் ஓடியதா? ஓடியது. நீங்களே ஊற்றி நீங்களே சொன்னீர்களா? ஆமாம். வாக்கைச் சொல்லுங்கள். சொன்னேன். நடுவில் நின்றதா? அந்தக் கேள்விக்கு உபதேசியார் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். "நின்னுது சாமி. அதுனால முதல்ல இருந்து இன்னொரு மட்டம் தண்ணி ஊத்தி முழுசாச் சொன்னேன்" என்றேன்.

"நீங்க இத நம்பாதவங்க. பின்ன என்ன நெனச்சு ஊத்துனீங்க?"

"அவ கேட்டா சாமி. அவ என்ன நெனச்சுக் கேட்டாளோ, அத நெனச்சுத்தான் ஊத்துனேன். எனக்குன்னு வேற ஒண்ணும் நெனைக்கல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மன் பேரு எதுக்கு?"

"அம்மனுக்குன்னு வைக்கல்ல சாமி. எனக்க பிள்ளைக்க பேரு. பதினொரு நாள் இருந்துது. பதினெட்டு வருஷம் ஆச்சு. அந்த நேரத்துல வேற பேரு வரல்ல."

செசிலியிடம் இல்லை என்று சொன்னதை ஊர் முழுக்க நிற்கும்போது சொன்னேன். அந்தப் பெயரை அதற்குப் பிறகு நான் வாய்விட்டுச் சொன்னதே நேற்றுத்தான். பிறந்த பதினோராம் நாள் காய்ச்சல். அவர் அதற்கு முன்பே கப்பல் ஏறிவிட்டார். நர்சு படிக்கப் போனதே அந்தப் பிள்ளையால்தான். இதை யாரிடம் சொல்லியிருக்கிறேன்?

அப்போது வேளாங்கண்ணி முன்னால் வந்தாள். சரி, முடிந்தது என் கதை என்று நினைத்தேன்.

"சாமி, நான் இருவத்திரண்டு பிள்ளைக்கு ஆபத்துல தண்ணி ஊத்திருக்கேன். கை என்னா நடுங்கும் தெரியுமா? வாயில எந்தப் பேரு வருதோ அதத்தான் வைப்போம். ஒரு ஆம்பிளப் பிள்ளைக்கு மேரின்னு வச்சுப்போட்டேன். அப்பம் ஒருத்தரும் என்னைய இங்ஙன நிறுத்திக் கேக்கல்லியே. வாக்கு சரி, தண்ணி சரி. நான் ஊத்துனாலும் இதுக்குமேல ஒண்ணும் செய்யப் போறதில்ல" என்றாள். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

சாமியார் பெரிய புத்தகத்தைத் திறந்தார். ஞானஸ்நானம் செல்லும், இரண்டாம் முறை கொடுக்க முடியாது, அப்படிக் கொடுப்பதுதான் பாவம் என்றார். பெயருக்கு முன்னால் ஒரு புனிதப் பெயர் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். மரிய பகவதி என்று எழுதினார். கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர்: தாணம்மாள், நர்ஸ்.

இன்று காலை சவக்காலைக்குள்ளேதான் வைத்தார்கள். நான் வாசலுக்கு வெளியே நின்று பார்த்தேன். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

ஜூன் 9, சனி

பத்து வருடமாக இந்த வேலை. எத்தனையோ பிள்ளை என் கையில் அழுதிருக்கிறது, எத்தனையோ தாய் கும்பிட்டிருக்கிறாள். அதெல்லாம் சந்தோஷந்தான். ஆனால் செசிலி காரில் படுத்துக்கொண்டு "குடுத்தியளா?" என்று கேட்டாளே, கொடுத்தேன் என்று சொல்ல முடிந்ததே... பிள்ளை செத்துக் கிடக்கிறது, எனக்கு உள்ளே ஒரு நிறைவு. இதை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். சொல்ல ஆளும் இல்லை.

ஜூன் 26, செவ்வாய்

செசிலி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அம்மை வீட்டுக்குப் போய்விட்டாளாம். உபதேசியார் சொன்னார். பழக்கத்தில் இரண்டு பேருக்குக் காப்பி போட்டுவிட்டேன்.

ஜூலை 15, ஞாயிறு

பேறுக்கு ஒருவரும் வரவில்லை. என் கட்டிலில் பிறந்த முதல் பிள்ளை செத்துப்போனது. ஞானஸ்நானம் செல்லும் என்று சாமியார் சொல்லலாம். கட்டில் ராசியில்லை என்று ஊர் சொன்னால் அதற்கு யார் போய்ச் சாட்சி சொல்வது?

ஆகஸ்ட் 21, செவ்வாய்

நம் தாலுகாக்கள் மதராசோடு சேரப் போவதால், மாற்றல் வேண்டுகிறவர்கள் எந்த ஊர் என்று எழுதி அனுப்பலாம் என்று தாள் வந்திருக்கிறது. மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த ஊர் என்று எழுத? எந்த ஊரில் என்னை யார் தேடுகிறார்கள்? பகவதி இருந்திருந்தால் இப்போது கல்யாணப் பேச்சு நடக்கும். நான் மாப்பிள்ளை வீட்டாரைக் குறை சொல்லிக்கொண்டு திரிவேன்.

தனியாக இருப்பது பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் எல்லாம் நாலு பேரோடு இருக்கிறவர்கள்.

செப்டம்பர் 18, செவ்வாய்

மத்தியானம் கதவை யாரோ அறைந்தார்கள். வேளாங்கண்ணி. மூச்சு வாங்க நின்றாள். "பிள்ள வந்து ஒரு மணிக்கூர் ஆச்சு. நஞ்சுக்கொடி விழல்ல. ரத்தம் கொட்டுகு. வாரும்!"

பையை எடுத்துக்கொண்டு மணலில் ஓடினேன். ஆபேல் என்ற மீன் வியாபாரியின் வீடு, அவன் மனைவி வெளிறிக் கிடந்தாள். நான் ஊசி போட்டேன். வேளாங்கண்ணி அவள் தலைமாட்டில் இருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். "ஏட்டி, கண்ண மூடாத, எனக்க மூஞ்சியப் பாரு, இதவிடக் கேடா ஒரு மூஞ்சி ஒலகத்துல உண்டா?" என்றாள். அந்தப் பெண் அந்த நிலையிலும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் வயிறு இளகியது, கொடி முழுசாக வந்தது. எனக்கு இருபது வருடம் ஆனாலும் அந்தப் பேச்சு வராது.

தாயும் பிள்ளையும் சுகம். வெளியே வந்து கை கழுவினோம். என் சோப்பை வாங்கித் தேய்த்துக்கொண்டே வேளாங்கண்ணி, "நல்ல வாசம்" என்றாள். பிறகு, "அந்தக் கத்திய நான் அன்னைக்கே கடல்ல எறிஞ்சாச்சு. ஒம்ம பேச்சு பொறுக்காமத்தான். ஆனா எறிஞ்சாச்சு" என்றாள்.

நாலு பேர் முன்னால் சொன்னது தப்பு என்றேன். "தப்புதான்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

செப்டம்பர் 30, ஞாயிறு

மாற்றல் தாளை அனுப்ப இன்று கடைசி நாள். அனுப்பவில்லை.

அக்டோபர் 23, செவ்வாய்

இந்த மாதம் இரண்டு பெண்கள் பார்க்க வந்தார்கள். இரண்டு பேரையும் அனுப்பியது வேளாங்கண்ணி. ஒருத்தியிடம், "நர்சு வாயி கடுவாயி, கை கொள்ளாம்" என்று சொல்லி அனுப்பினாளாம். கை நல்ல கையாம்! இதைவிட நல்ல நற்சான்று எனக்கு யாரும் தந்ததில்லை.

நவம்பர் 1, வியாழன்

இன்றிலிருந்து மதராஸ் ராஜ்யம். நாகர்கோவிலில் ஊர்வலம், பட்டாசு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மிட்டாயோடு போனார்கள். ஒரு பிள்ளை ஓடிவந்து எனக்கும் ஒன்று தந்தது.

நவம்பர் 2, வெள்ளி

சாயங்காலம் செசிலி வந்து நின்றாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு. மெலிந்திருந்தாள், ஆனால் முகத்தில் நீர் இல்லை. முதலில் அதைத்தான் பார்த்தேன். "கல்லறைத் திருநாள் இல்லியா நர்ஸம்மா. பிள்ளைக்குத் திரி வைக்கணும். நீங்களும் வரணும்" என்றாள். நான் எப்படி என்றேன். "நீங்க வைக்காத பின்ன யாரு?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சவக்காலை முழுவதும் மெழுகுதிரி. மதிலோரம் சின்னச் சின்ன மணல் மேடுகள் வரிசையாக இருந்தன. அங்கே வேளாங்கண்ணி தனியாகக் குனிந்து திரி நட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்த பிள்ளைகள். "இது இரட்டையில ஒண்ணு. இது கொச்சிக்குப் போனவியளுக்கப் பிள்ள. இந்தா, இதுதான் ஆம்பிள மேரி" என்றாள்.

தாய்மார் வரமாட்டார்களா என்று கேட்டேன்.

"சிலரு வருவாவ. அடுத்தது பெறந்துட்டா மனசு அங்ஙன போயிரும். போவட்டும், அதான் நல்லது. பேரு வச்சவ மறக்கப்பிடாது, அம்புட்டுதான்."

வருடா வருடம் இந்த வரிசையில் தன்னந்தனியாகத் திரி நட்டிருக்கிறாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்துப் பொறாமைப்பட்ட வேளாங்கண்ணி.

செசிலி பகவதிக்குத் திரி ஏற்றினாள். என்னையும் ஒன்று ஏற்றச் சொன்னாள். காற்று பலமாக இருந்தது. மூன்று பேரும் கையைக் குவித்து மறைத்துக்கொண்டோம்.

"ஒமக்கப் பிள்ள எங்க கெடக்கு?" என்று வேளாங்கண்ணி கேட்டாள்.

அஞ்சுகிராமத்தில், அண்ணன் வீட்டுக்குப் பின்னால், பனையடியில் என்றேன். பனையை வெட்டியாயிற்று. அந்த இடத்தில் இப்போது மாட்டுத் தொழுவம். அண்ணன் கேட்காமலே கட்டிவிட்டான். நானும் கேட்கவில்லை.

அவள் இடுப்பிலிருந்து இன்னொரு மெழுகுதிரியை எடுத்து நீட்டினாள். "பின்ன அங்க எப்பிடி வைக்க? இங்கயே வையும்."

சாமியார் இருக்கும் பக்கம் பார்த்தேன். அவர் தூரத்தில் பெரியவர்களின் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டிருந்தார். "சாமி கேட்டா நான் சொல்லிக்கிடுகேன்" என்றாள் வேளாங்கண்ணி.

வைத்தேன். பகவதிக்குப் பக்கத்தில் பகவதிக்கு. பதினெட்டு வருடத்தில் என் பிள்ளைக்கென்று நான் செய்த முதல் காரியம். நின்று அழுதேன். இரண்டு பேரும் திரி அணையாமல் பார்த்துக்கொண்டார்கள்.

இருட்டுவதற்கு முன் புறப்பட்டோம். செசிலி அவள் வீட்டுக்குத் திரும்பினாள். கிணற்றடியில் வேளாங்கண்ணி நின்றாள். "ஏட்டி, நாளைக்கு வெள்ளென வா. மேக்க, செல்வதாசுக்கப் பெஞ்சாதிக்கு நாளாச்சு. ரெண்டு பேருமாட்டுப் போவோம். கத்திரிய வேவ வச்சு எடுத்துக்கோ" என்றாள்.

ஏட்டி என்று என்னைக் கூப்பிட, அம்மை போன பிறகு ஆள் இல்லை.

"என்னட்டி, சத்தத்தையே காணல்ல?" என்றாள்.

வருகிறேன் என்றேன்.